வளையமும் பலகையும்: வடசென்னையின் இரு விளையாட்டுகள் உடலிடம் கேட்பது என்ன?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. மகன் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போக விரும்புகிறான், அத்தா தயங்குகிறார். மகள் கேரம் மன்றத்தில் சேர விரும்புகிறாள். உட்கார்ந்த இடத்திலேயே ஆடுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒன்று உடலை உடைத்துவிடும் என்ற அச்சம். மற்றொன்று உடலைச் சோம்பலாக்கிவிடும் என்ற ஐயம். இரண்டுக்கும் அடிப்படை இருக்கிறது. ஆனால் இரண்டும் பாதி உண்மைகளே.

இராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் இந்த நிலப்பரப்பு, இவ்விரு விளையாட்டுகளுக்கும் நெடுங்காலமாகத் தாய்வீடாக இருந்து வருகிறது. குத்துச்சண்டை மனித உடலிடம் ஏறக்குறைய எல்லாவற்றையும் கேட்பது. கேரம் உடலை அசையாமல் இருக்கச் சொல்வது. இவ்வளவு எதிரெதிரான இரண்டு எப்படி ஒரே தெருவில் வேரூன்றின, அவை நம் பிள்ளைகளின் உடலிடம் என்ன கேட்கின்றன, என்ன கொடுக்கின்றன என்பதை வரலாற்றின் துணையோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழைப்பில் உருவான உடல்

வடசென்னையின் வரலாறு சுமையின் வரலாறு. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1870களில் செயற்கைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது, 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். அதன்பின் கப்பல்களும் சரக்கு வண்டிகளும் இப்பகுதியின் நாடித்துடிப்பாயின. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் வலிய தோள்கள் தேவைப்பட்டன. மூட்டை தூக்குவோர், கட்டுமரம் தள்ளுவோர், கரி அள்ளுவோர், பட்டறையில் சம்மட்டி அடிப்போர் ஆகியோருக்கு உடற்பயிற்சி நிலையம் வேண்டியிருக்கவில்லை. வேலையே பயிற்சியாக இருந்தது. உடல் வலிமை ஒருவருடைய கூலியையும் மதிப்பையும் முடிவு செய்தது. அத்தகைய இடத்தில் வலிமையை அளந்து பார்க்கும் விளையாட்டொன்று வேரூன்றியதில் வியப்பில்லை.

அதே வேலைகள் வேறொரு வாழ்க்கையையும் உருவாக்கின. சிறிய வீடுகள், குறுகிய சந்துகள், ஷிப்டு முறையில் வேலை. மாலையில் களைத்து வரும் மனிதர்களுக்கு ஓடியாட இடமும் இல்லை, உடலில் தெம்பும் இல்லை. அவர்களுக்கு 74 சென்டிமீட்டர் சதுரப் பலகையும், மேலே தொங்கும் ஒரு மின்விளக்கும் போதுமானவையாக இருந்தன. ஒரே உழைப்பு வாழ்க்கையின் இரு பக்கங்களிலிருந்து இவ்விரு விளையாட்டுகளும் வளர்ந்தன என்று கொள்வதே பொருத்தம்.

பரம்பரைகளின் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் படைவீரர்களும் மாலுமிகளும் ஆங்கிலோ இந்தியரும் ஆடிய குத்துச்சண்டையை மதராஸின் உழைக்கும் மக்கள் பார்த்தார்கள், கற்றார்கள், தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை எனக் குழுக்கள் தோன்றின. ‘பரம்பரை’ என்பது இங்கே குருதி வழியைக் குறிக்கவில்லை; ஒரு வாத்தியாரிடமிருந்து மாணவர்களுக்கு வழிவழியாக வந்த பயிற்சி முறையைக் குறித்தது. தோற்றவர் தனி மனிதராகத் தோற்கவில்லை; பரம்பரையே தோற்றதாகக் கருதப்பட்டது. சுவரொட்டிகளில் ‘ரோசமான குத்துச்சண்டை’ என்று அச்சிட்டார்கள். அந்த ஒரு சொல்லே அதன் இயல்பைச் சொல்லிவிடும்.

ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியை வென்ற கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் வடசென்னையில் சொல்லப்படுகிறது. ஆள்பவர் இனத்தோடு உறவுடையவராகக் கருதப்பட்ட ஒருவரை உழைக்கும் வர்க்கத்துத் தமிழர் வளையத்தில் வீழ்த்தியது அன்றைய மக்களுக்கு விளையாட்டுச் செய்தி மட்டுமன்று, தன்மானச் செய்தியும்கூட. 2021இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் 1970களின் அந்த உலகை இளைய தலைமுறைக்கு நினைவூட்டியது.

ரோசம் என்பது இருபுறமும் கூரான கத்தி. வளையத்துக்குள் தொடங்கிய போட்டி வளையத்துக்கு வெளியே பகையாக நீண்டதும், பார்வையாளர் கூட்டங்கள் மோதிக்கொண்டதும் உண்டு. பரம்பரைக் குத்துச்சண்டை பிற்காலத்தில் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். துறைமுகத்தின் வேலை முறையும் மாறிக்கொண்டிருந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் செயல்படத் தொடங்கியது. மனிதத் தோள்களின் வேலையைப் பாரந்தூக்கிகள் படிப்படியாக எடுத்துக்கொண்டன. வேலையினாலேயே உரமேறிய உடல்கள் குறையலாயின.

முகம்மது அலி மதராஸுக்கு வந்தபோது

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகம்மது அலி மதராஸுக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியொன்றில் மோதினார். எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றுச் சிறப்பித்தார். நம் சமூகத்துப் பெரியவர்கள் பலருக்கு அது இன்றும் மங்காத நினைவு. உலகமே அறிந்த ஒரு முஸ்லிம் வீரரைத் தம் ஊரில் கண்ட மகிழ்ச்சி அது.

அன்று மேடையில் சிரித்துக்கொண்டிருந்த அலிக்கு 38 வயது. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்திருந்தார். ஆனால் அதே 1980ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் வளையத்துக்குள் இறங்கி லாரி ஹோம்ஸிடம் கடுமையாக அடிபட்டுத் தோற்றார். 1981 டிசம்பரில் ட்ரெவர் பெர்பிக்குடன் மோதியது அவரது கடைசிப் போட்டி. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். வண்ணத்துப்பூச்சிபோல் மிதந்ததாகப் புகழப்பட்ட அந்தக் கால்களும், எவரையும் வாயடைக்கச் செய்த அந்த நாவும் மெல்ல மெல்ல அடங்கின. 2016 ஜூன் 3 அன்று அவர் மறைந்தார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

அவருடைய நோய்க்கு வளையத்தில் வாங்கிய அடிகள்தாம் முழுக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வது முறையன்று. ஆனால் தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளையைச் சிதைக்கும் என்பது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தியன்று. 1928ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் நோயாக விவரித்து எழுதிவிட்டார்.

வளையம் கேட்பது

இனி உடல் கணக்குக்கு வருவோம். ஒலிம்பிக் முறையில் ஒரு போட்டி மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடங்கள். இடையில் ஒரு நிமிட ஓய்வு. மொத்தம் 11 நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த 11 நிமிடங்களுக்காக ஒரு வீரர் பல மாதங்கள் உழைக்கிறார்.

குத்து கையிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தரையிலிருந்து வருகிறது. பின்னங்கால் தரையை உந்துகிறது. அந்த விசை இடுப்பின் சுழற்சி வழியாக ஏறி, தோளைக் கடந்து, கடைசியில் முட்டிக்கு வருகிறது. எனவே குத்துச்சண்டை வீரருக்கு முதலில் வேண்டியது கால் வலிமை. அடுத்து இடுப்பும் வயிறும். விடியற்காலை ஓட்டம், கயிறு தாண்டல், பை குத்துதல், நிழற்சண்டை ஆகியவை அதற்காகவே. சுற்று நடக்கும்போது இதயத் துடிப்பு உச்சத்தை நெருங்குகிறது. தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் போதாமல் உடல் கடன் வாங்கி இயங்குகிறது. அந்த ஒரு நிமிட ஓய்வில் எவ்வளவு விரைவாக மூச்சு சீரடைகிறதோ அவ்வளவு தகுதி உடையவர் அந்த வீரர்.

உடல் அமைதியாக அமர்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலை ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், பையைக் குத்தும் பயிற்சிக்கு ஏறத்தாழ ஐந்தரை மடங்கும், வளையத்தில் நிகழும் சண்டைக்கு 12 மடங்குக்கு மேலும் ஆற்றல் செலவாகும் என்று உடற்பயிற்சி அறிவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். மனித உடல் செய்யக்கூடிய மிகக் கடினமான வேலைகளுள் இது ஒன்று.

இத்துடன் இன்னொரு சுமையும் உண்டு. குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் இருப்பதால், போட்டிக்கு முன் எடையைக் குறைக்க உணவையும் நீரையும் கடுமையாகக் கட்டுப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு இது தீங்கானது. பெற்றோர் கண்காணிக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

வளையத்தைப் பற்றி மார்க்க அறிஞர்கள்

உடல் வலிமையை இஸ்லாம் விரும்புகிறது. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானவர் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியும் நாம் அறிந்ததே. அதே வேளையில், சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். குத்துச்சண்டையிலோ முகமே முதன்மையான இலக்கு.

இதனைக் கருத்திற்கொண்டு, ராபிதா அமைப்பின் இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 1987ஆம் ஆண்டு மக்காவில் நடந்த தனது 10ஆவது அமர்வில், இன்று வளையங்களில் நடைபெறும் வடிவிலான குத்துச்சண்டை மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதன்று என்று முடிவு செய்தது. எதிரியின் உடலுக்குக் கேடு விளைவிப்பதே அதன் நோக்கமாக இருப்பதும், அது பார்வை இழப்பு, மூளைச் சிதைவு, மரணம் வரை கொண்டுசெல்லக்கூடும் என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

மறுபுறம், முஸ்லிம் வீரர்கள் உலக அளவில் இவ்விளையாட்டில் சிறந்து நிற்பதையும் காண்கிறோம். தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன் 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் புதுடெல்லியிலும் உலகச் சாம்பியன் ஆனார். அவருடைய உழைப்பையும் ஒழுங்கையும் மதிக்காமல் இருக்க முடியாது. ஆக, மதிப்பும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். கயிறு தாண்டல், ஓட்டம், பை குத்துதல், கால் நகர்த்தல் ஆகிய பயிற்சிகளில் எவரும் எவருடைய முகத்திலும் அடிப்பதில்லை. ஆனால் குத்துச்சண்டை தரும் உடல் நன்மைகளில் பெரும்பகுதி அவற்றிலேயே கிடைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் மனத்திற்கொண்டு, தம் மஹல்லா ஆலிம்களோடு கலந்து முடிவெடுப்பது நலம்.

பலகையின் வரலாறு

கேரம் நம் மண்ணின் விளையாட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவின் பல பகுதிகளில் போட்டிகள் நடந்தன. 1958 வாக்கில் இந்தியாவிலும் இலங்கையிலும் முறையான கேரம் அமைப்புகள் உருவாகிவிட்டன. பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988ஆம் ஆண்டு நம் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அக்கூட்டமைப்பின் விதிகளே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன.

சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. கேரம் விளையாட்டுக்கு அவ்விருதைப் பெற்றுத் தந்தவர் அவரே. 2008இல் பிரான்சின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில் வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். மிக எளிய உழைப்பாளிக் குடும்பத்திலிருந்து வந்தவர் அவர்.

பிறகு 2024 நவம்பர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா என்ற 17 வயது மாணவி, பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். சிறுவயதிலேயே தந்தையிடம் பயிற்சி பெறத் தொடங்கியவர். தலையில் முக்காடு அணிந்த நம் வீட்டுப் பெண் ஒருத்தி, தந்தையின் துணையோடு, தன் தெருவின் பலகையிலிருந்து புறப்பட்டு உலக மேடை ஏறினாள். அல்ஹம்துலில்லாஹ். உட்கார்ந்து ஆடுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்ற கேள்விக்கு வண்ணாரப்பேட்டை தந்த விடையாக இதைக் கொள்ளலாம்.

பலகை கேட்பது

கேரத்தின் அளவுகள் மிகச் சிறியவை. காய் ஒன்றின் எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கலாகாது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்று 10 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 284 கிராம். குத்துச்சண்டை வளையத்தின் உட்புறம் 6.10 மீட்டர் சதுரம். அந்தப் பரப்பில் கேரம் பலகையின் ஆடுபரப்பை ஏறத்தாழ 68 முறை விரித்து வைக்கலாம்.

பலகை சிறியது என்பதால் உழைப்பும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. விதிப்படி ஆடுபவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. நாற்காலியை நகர்த்தவும் கூடாது. தம் பகுதியின் எல்லையைத் தாண்டி முழங்கையைக் கொண்டுசெல்லக் கூடாது. 15 விநாடிக்குள் ஸ்ட்ரைக்கரை அடித்தாக வேண்டும். ஓர் ஆட்டம் 25 புள்ளிகள் அல்லது 8 போர்டுகள். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். ஒரு மணி நேரத்தைக் கடந்து நீளும் போட்டிகள் உண்டு. பெரிய போட்டித் தொடர்களில் ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கும்.

அத்தனை நேரமும் முதுகு வளையாமல் நிற்க வேண்டும். தோள் அசையாமல் இருக்க, விரல் மட்டும் இயங்க வேண்டும். நடுங்கும் விரல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 70 சென்டிமீட்டர் தொலைவில் காய் குழியின் விளிம்பில் மோதித் திரும்பிவிடும். சிவப்புக் காயைப் போட்டபின் ‘ஃபாலோ’ போட வேண்டிய தருணத்தில், அரங்கமே மூச்சடக்கிப் பார்க்கும்போது, இதயம் படபடக்கும். அந்தப் படபடப்பு விரலுக்கு வராமல் தடுப்பதே கேரம் வீரரின் உடல் தகுதி. சீரான மூச்சு, கூரிய பார்வை, களைப்பறியாத கவனம், கழுத்துக்கும் கீழ்முதுகுக்கும் போதிய வலிமை இவற்றையே பலகை கேட்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உட்கார்ந்து ஆடும் பலகை விளையாட்டுகளுக்கு, அமைதியாக அமர்ந்திருப்பதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றலே செலவாகிறது. சுறுசுறுப்பான நடைக்கே மூன்று மடங்குக்கு மேல் செலவாகும். ஆகவே கேரம் இதயத்தையோ நுரையீரலையோ வலுப்படுத்தாது. உடல் எடையைக் குறைக்காது. நாள் முழுதும் குனிந்து ஆடினால் கழுத்துவலியும் முதுகுவலியும் வரும். உயர்ந்த நிலையில் ஆட விரும்புவோர் பலகைக்கு வெளியே நடையும் ஓட்டமும் முதுகுப் பயிற்சியும் செய்தே ஆக வேண்டும். உடல் சோர்ந்தால் கவனம் சோரும். கவனம் சோர்ந்தால் விரல் பிசகும்.

இரண்டையும் அருகருகே வைத்தால்

குத்துச்சண்டை உடலின் பெரிய தசைகளையும் மூச்சையும் சோதிக்கிறது. கேரம் சிறிய தசைகளையும் நரம்பின் அமைதியையும் சோதிக்கிறது. குத்துச்சண்டையில் களைப்பு எதிரி. கேரத்தில் பதற்றம் எதிரி. குத்துச்சண்டை வீரரின் ஆட்டக்காலம் பெரும்பாலும் முப்பதுகளில் முடிந்துவிடும். கேரம் ஆடுபவர் பேரப்பிள்ளை எடுத்த பின்னும் ஆடலாம். ஒரே பலகையில் பாட்டனும் பேத்தியும் எதிரெதிரே அமரலாம்.

செலவிலும் வேறுபாடு உண்டு. குத்துச்சண்டைக்குப் பயிற்சியாளர், வளையம், கையுறை, பல் காப்பு, நல்ல உணவு ஆகியவை வேண்டும். கேரத்துக்கு ஒரு பலகையும், சிறிதளவு மாவும், விளக்கும் இருந்தால் தெருவே கூடிவிடும். ஒற்றை அறை வீட்டிலும் ஆடலாம். வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கும் அது வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

ஆயினும் இரண்டும் சந்திக்கும் ஓரிடம் இருக்கிறது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவரைவிடக் கோபத்தின்போது தன்னை அடக்குபவரே வலிமையானவர் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். ஆத்திரத்தில் கை வீசும் குத்துச்சண்டை வீரர் தற்காப்பை இழக்கிறார். ஆத்திரத்தில் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிக்கும் கேரம் ஆட்டக்காரர் எதிரியின் காயைத் தாமே குழிக்கு அனுப்பிவிடுகிறார். ரோசம் பரம்பரைகளுக்குப் புகழைத் தந்தது. அளவு மீறியபோது அழிவையும் தந்தது.

நோன்பு இரவுகளும் நம் கவலையும்

நம் பகுதிகளில் ரமலான் இரவுகளில் தராவீஹ் முடிந்தபின் இளைஞர்கள் கேரம் பலகையைச் சுற்றி அமர்வது பல ஆண்டுக் காட்சி. அந்தத் தோழமை இனிமையானது. அதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் ஸஹர் வரை ஆடிவிட்டு, ஃபஜ்ரைத் தவறவிட்டுப் பகல் முழுதும் உறங்கிக் கழிக்கும் வழக்கம் தவறு. பணம் வைத்து ஆடுவது சூதாட்டம். அது தெளிவான ஹராம். பந்தயமின்றி, தொழுகை தவறாமல், வசைமொழி இன்றி ஆடும் கேரத்தை அனுமதிக்கும் ஆலிம்கள் பலர் உள்ளனர். நேரத்தைத் தின்னும் விளையாட்டு என்று வெறுப்பவர்களும் உள்ளனர். இரு தரப்பினரின் கவலையும் ஒன்றுதான்: பிள்ளை பலகையை ஆள வேண்டும், பலகை பிள்ளையை ஆளக் கூடாது.

நோன்புக் காலத்தில் குத்துச்சண்டைப் பயிற்சி செய்வோர் பகலில் கடும் பயிற்சியைத் தவிர்ப்பதே அறிவுடைமை. வியர்வையில் போகும் நீரைப் பகலில் ஈடுசெய்ய வழியில்லை. இஃப்தாருக்குப் பின் சிறிது நேரம் கழித்து மிதமான பயிற்சி செய்யலாம்.

நம் பிள்ளைகளுக்கு

நம் பாட்டனார் காலத்தில் துறைமுகமும் பட்டறையும் உடலை வளர்த்தன. இன்று நம் பிள்ளைகள் பள்ளியிலும் உட்காருகிறார்கள், டியூஷனிலும் உட்காருகிறார்கள், கைப்பேசியோடும் உட்காருகிறார்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. நம் உறவு வட்டத்தை எண்ணிப் பார்த்தாலே இதன் உண்மை விளங்கும். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

எனவே பெற்றோருக்குச் சில சொற்கள். உங்கள் பிள்ளை கேரத்தில் ஆர்வம் காட்டினால் தடுக்காதீர்கள். ஆனால் பலகைக்கு முன் அமரும் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் நடக்கவோ ஓடவோ செய்யுங்கள். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் நம் வாசலில் இருக்கிறது. பிள்ளை குத்துச்சண்டையில் ஆர்வம் காட்டினால் ஓட்டத்தையும் கயிறு தாண்டலையும் பை குத்துதலையும் மனமார ஊக்குவியுங்கள்; தலையில் அடிபடும் மோதலைப் பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். எடை குறைப்பதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். மகனுக்கு வெளியே ஓட இடம் தேடும் நாம், மகளுக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தேடித் தர வேண்டும். மொட்டை மாடியில் ஒரு கயிறு போதும்.

உடலுக்கு நம் மீது உரிமை உண்டு என்பது நபிவழி நமக்குச் சொல்லும் பாடம். அந்த உரிமையை மதிப்பவருக்கு வளையமும் பலகையும் இரண்டும் பயன்படும். மதிக்காதவருக்கு இரண்டுமே கேடாகும். நம் பிள்ளைகளுக்கு வலிய உடலையும் அமைதியான உள்ளத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.